பனை ஊன்ற விதை எங்கிருந்து எடுப்பது: ஒரு மரமா, முப்பது மரமா, வெளியூர் ரகமா?

ஆவணி பிறந்து பனம்பழம் விழத் தொடங்கியதும் கண்மாய்க் கரைகளில் கொட்டை ஊன்றும் குழுக்களும் புறப்பட்டுவிடும். தமிழக அரசின் 2021–22 வேளாண் நிதிநிலை அறிக்கை 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் என்று இலக்கு வைத்தது. ஊராட்சிகளும் இளைஞர் குழுக்களும் தங்கள் கணக்கைப் பத்தாயிரம், லட்சம் என்று சொல்கிறார்கள். எண்ணப்படுவது எப்போதும் கொட்டைதான். அந்தக் கொட்டைகள் எத்தனை தாய்மரத்திலிருந்து வந்தன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. பனையைப் பொறுத்தவரை இரண்டாவது எண்தான் முக்கியமானது.

கணக்குப் பார்க்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள கரை, 3 மீட்டருக்கு ஒரு குழி, 600 குழி. குழிக்கு இரண்டு கொட்டை வீதம் 1,200 கொட்டை வேண்டும். இவற்றைப் பெற நான்கு வழிகள் உண்டு. நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தடியிலோ, கையெட்டும் ஒரே தோப்பிலோ அள்ளலாம். சுற்று வட்டாரத்தில் முப்பது தாய்மரங்களிலிருந்து சம அளவில் சேர்க்கலாம். பேர்பெற்ற ரகத்தை வெளியிலிருந்து வரவழைக்கலாம். பையில் வளர்ந்த நாற்றை வாங்கி நடலாம்.

பனையில் மரபணு நகரும் வழி

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தென்னையைப் போல ஒரே மரத்தில் இரு பூவும் இல்லாததால் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது நடக்காது. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு தாயும் ஒரு தந்தையும் தனித்தனியே உண்டு. ஒரு பழத்துக்குள் இருக்கும் மூன்று கொட்டைக்கும் தாய் ஒன்றே, தந்தை வெவ்வேறாகலாம்.

மரபணு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் போக இரண்டே வாகனம்: மகரந்தம், கொட்டை. மகரந்தம் காற்றிலும் பூச்சியிலும் போகிறது. கொட்டை கனமானது, விழுந்த இடத்திலிருந்து தானாக நகராது. ஆப்பிரிக்கப் பனையின் பழத்தை யானை தின்று கொட்டையை வேறிடத்தில் போடுகிறது. நம் ஊர்க் கரைகளில் அந்த வேலையை மனிதர்தான் செய்கிறார்கள். விட்டுவிட்டால் மரத்தடியிலேயே வடலி எனப்படும் இளம் பனைகளின் கூட்டம் எழும்; அதில் பெரும்பகுதி அந்த ஒரு தாயின் பிள்ளைகள். சீஷெல்ஸ் தீவுகளில் பனையின் நெருங்கிய உறவான கடல் தேங்காயிலும் இதே நிலைதான். உலகிலேயே கனமான விதை அது. தாயின் காலடியைத் தாண்டுவதில்லை.

கொட்டையைத் தூக்கிப் போகும் உயிரினம் மறைந்தால் மரத்தின் தன்மையே மாறிவிடும் என்பதற்கும் சான்று உண்டு. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் வளரும் ஜுசாரா பனையைப் பற்றி 2013இல் ஒரு ஆய்வு வெளியானது. டூக்கான் போன்ற பெரிய அலகுப் பறவைகள் அழிந்த காட்டுத் துண்டுகளில் அதன் விதைகள் சிறுத்துப்போயிருந்தன. சிறு பறவைகளால் விழுங்க முடிந்த சிறு விதைகளுக்கே அங்கு எதிர்காலம் இருந்தது. நம் பனைக்கு அந்தப் பறவையின் இடத்தில் இருப்பது சாக்குப் பையோடு போகும் ஆள். அவர் எந்த மரத்தடியில் குனிகிறார் என்பதே அடுத்த தலைமுறையின் மரபணுவைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதநீர் இறக்கும் மரத்தில் பாளையைக் கட்டிச் சீவிவிடுவார்கள். பெண் மரமானால் அந்த ஆண்டு அதில் பழம் இல்லை. ஆண் மரமானால் மகரந்தம் இல்லை. நல்ல சுரப்புள்ள மரத்தைத்தான் பனையேறி தேர்ந்தெடுக்கிறார். ஆகவே ஏறப்படும் ஊரில் மரத்தடியில் கிடக்கும் பழமெல்லாம் ஏறாமல் விட்ட மரங்களுடையது. அதை மட்டுமே அள்ளி ஊன்றினால், அதிகம் சுரக்கும் மரங்களின் வாரிசைத் தெரியாமலே ஒதுக்கிவைக்கிறோம்.

ஒரே மரம், ஒரே குவியல்

இதன் வசதியை மறுக்க முடியாது. அரை நாளில் வேலை முடியும், வண்டி வாடகை மிச்சம், கொட்டையும் ஒரே அளவில் அழகாக இருக்கும். ‘இந்த மரம் குலை குலையாகக் காய்க்கும், இதன் கொட்டையே போதும்’ என்ற வாதமும் கேட்க நியாயமாகவே படும்.

சிக்கல் உறவுமுறையில் இருக்கிறது. ஒரு தாய், பல தந்தையர் என்றால் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரே தாய் வயிற்று உடன்பிறப்புகள். இப்படிப்பட்ட கூட்டத்தின் பயனுறு எண்ணிக்கை, அதாவது மரபணுக் கணக்கில் அது எத்தனை உறவில்லாத மரங்களுக்குச் சமம் என்பது, அதிகபட்சம் 4. கொட்டை ஆயிரமாக இருந்தாலும் லட்சமாக இருந்தாலும் அந்த 4 ஏறாது. அருகில் ஒரே ஓர் ஆண்பனைதான் இருந்தது என்றால் பிள்ளைகள் முழு உடன்பிறப்புகள். எண் 2க்கு இறங்கிவிடும்.

விளைவு உடனே தெரியாது. பனை முதல் பாளை விட 12 முதல் 20 ஆண்டு வரை ஆகும். அப்போது இந்தக் கரையிலுள்ள ஆணும் பெண்ணும் உடன்பிறப்புகளாக நின்று கலக்கும். ஒரே தாய்ப் பிள்ளைகள் கலந்தால் பிறக்கும் கொட்டையின் உட்கலப்புக் கெழு, அதாவது ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 12.5 விழுக்காடு, முழு உடன்பிறப்பானால் 25 விழுக்காடு. முளைப்புக் குறைவதும், வடலியாகவே நின்றுபோவதும் இத்தகைய கலப்பில் எதிர்பார்க்க வேண்டியவை. குறையைக் கண்டுபிடிக்கும்போது ஊன்றியவர்களுக்கு நரைத்திருக்கும்.

‘12.5 போனால் 87.5 இருக்கிறதே’ என்பார்கள். அந்த 87.5 சராசரிக் கணக்கு. அரிதான மரபணு வடிவங்களின் கதை வேறு. வட்டாரத்தில் 5 விழுக்காடு மட்டுமே காணப்படும் ஒரு வடிவத்தை, வறட்சியையோ ஒரு நோயையோ தாங்க உதவும் ஒன்றாகக்கூட அது இருக்கலாம், ஒரு தாய்மரம் தன்னிடம் வைத்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடுதான். 5 தாய்மரத்தில் 40, 10 தாய்மரத்தில் 64, 30 தாய்மரத்தில் 95 விழுக்காடு. முப்பது என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. மகரந்தம் வழியே வருவதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லா எண்ணும் சற்று ஏறும், வரிசை மாறாது.

குறுகிய அடித்தளத்தில் பெரிய தோட்டம் எழுப்பியதற்குப் பனைக் குடும்பத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு எண்ணெய்ப்பனை. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கு நாற்றுகளின் வழிவந்த ‘டெலி’ மரங்கள்தான் தென்கிழக்காசியத் தோட்டத் தொழிலின் தாய்வழி. தொழில் செழித்தது உண்மை. ஆனால் இனவிருத்தியாளர்கள் புதிய குணம் தேடி ஆப்பிரிக்கக் காடுகளுக்குத் திரும்பிப் போய் விதை சேகரிக்க வேண்டியிருந்தது. நம் கரைக்குப் பின்னால் அப்படி ஓர் ஆய்வு நிறுவனம் நிற்கப்போவதில்லை.

முப்பது தாய்மரம்: வேலை அதிகம், சூட்சுமம் அதைவிட அதிகம்

முப்பது மரம் என்று எண்ணிவிட்டால் மட்டும் போதாது. எந்த முப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஒரே கரையில் வரிசையாக நிற்கும் முப்பது பெண் பனையும், ஐம்பது ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் ஒரே சாக்கிலிருந்து ஊன்றியதாக இருக்கலாம். ஆகவே ஐந்து அல்லது ஆறு வெவ்வேறு கண்மாய், தோப்பு, வயல் வரப்பு என்று இடங்களைப் பிரித்து, இடத்துக்கு ஐந்தாறு மரம் எடுப்பது நல்லது. ஓர் இடத்துக்குள்ளும் மரத்துக்கு மரம் 100 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். தனித்து நிற்கும் பெண் பனையைத் தவிருங்கள். அதற்கு மகரந்தம் தந்தது ஒன்றிரண்டு ஆணாகவே இருக்கும். சுற்றிலும் பல ஆண் மரம் நிற்கும் பெண் மரமே நல்ல தாய்.

மண்ணும் மழையும் ஒத்த வட்டாரத்துக்குள் இருப்பது பாதுகாப்பு. தேரி எனப்படும் செம்மணலில் நிற்கும் மரத்தையும் களிமண் கரையில் நிற்கும் மரத்தையும் சரிபாதி கலப்பதில் தவறில்லை. ஆனால் ஊன்றப்போவது களிமண் கரை என்றால் அத்தகைய கரையின் மரங்களை எண்ணிக்கையில் கூடுதலாகச் சேருங்கள்.

அடுத்தது சம பங்கு. மரத்துக்கு 40 கொட்டை. பழத்துக்கு இரண்டோ மூன்றோ இருக்கும் என்பதால் 16 முதல் 20 பழம் போதும். பழம் ஒன்று ஒரு கிலோவும் அதற்கு மேலும் இருப்பதால் முப்பது மரத்துச் சுமை அரை டன்னைத் தாண்டும். சதையை அங்கங்கேயே கழித்துவிட்டால் குட்டியானை வண்டியில் ஒரு நடையில் முடியும். ஒரு மரத்துக்கு ஒரு சாக்கு, சாக்கில் ஓர் எண்.

சம பங்கைக் கைவிட்டால் என்ன ஆகும்? முப்பது மரத்துக்கும் போனீர்கள். ஆனால் இரண்டு மரத்தடியில் நிறையக் கிடந்ததால் பாதிக் கொட்டை அந்த இரண்டிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி உங்கள் முப்பது தாய்மரம் ஏழரைக்குச் சமம். ஊர் ஊராக அலைந்த உழைப்பில் முக்கால்வாசி அந்த இரண்டு குவியலில் போய்விடுகிறது. பெரிய கொட்டையாகப் பார்த்துப் பொறுக்குவதிலும் இதே கேடு உண்டு. கொட்டையின் பருமன் பெரும்பாலும் தாயைச் சார்ந்தது. பெரியதை மட்டும் எடுத்தால் சில தாய்களையே எடுத்ததாகும். பூச்சி துளைத்ததையும், உலுக்கினால் உள்ளே ஆடுவதையும், பிஞ்சிலே விழுந்ததையும் கழித்துவிட்டு மற்றதை அப்படியே எடுங்கள்.

பதநீர் மரங்களின் வாரிசையும் சேர்க்க வழி உண்டு. பருவத் தொடக்கத்திலேயே பனையேறியிடம் பேசி, நன்றாகச் சுரக்கும் ஐந்தாறு பெண் மரத்தில் மரத்துக்கு இரண்டு பாளையைச் சீவாமல் விடச் சொல்லுங்கள். அதனால் அவருக்குக் குறையும் பதநீருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துவிட வேண்டும். மரத்தின் சுரப்பை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

கொட்டையை வெயிலில் காயவிடுவது பெரிய தவறு. உள்ளே ஈரம் போனால் கரு செத்துவிடும். நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி, ஒரு மாதத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் முடித்தால் தண்ணீர்ச் செலவே இல்லை. முளை பனையில் மேலே வராது. முளைக்குழல் ஓரடி முதல் மூன்றடி வரை கீழே இறங்கி, அங்கேதான் கிழங்கு திரளும். எனவே குழியின் ஆழத்தைவிட அடிமண் பொலபொலப்பாக இருப்பதே முக்கியம். ஓரடிக் குழியின் அடியைக் கடப்பாரையால் இன்னும் ஓரடி குத்திவிட்டு, கொட்டையின் மேல் நான்கு விரல்கடை மண் மூடினால் போதும்.

குழிக்கு ஊன்றும் இரண்டு கொட்டையும் வெவ்வேறு எண் சாக்கிலிருந்து வரட்டும். அடுத்தடுத்த குழிகளிலும் சாக்கை மாற்றிக்கொண்டே போங்கள். ஆறு பேர் வரிசையில் நடந்தால் ஆளுக்கு ஐந்து சாக்கின் கலவையைக் கொடுத்துவிடலாம். இதைச் செய்யாமல் சாக்கு சாக்காகக் கவிழ்த்து ஊன்றினால், முப்பது மரத்துக் கொட்டை இருந்தும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை உடன்பிறப்புகளே. மகரந்தம் அதிகம் போய்ச் சேர்வதும் பக்கத்து மரத்துக்குத்தான்.

வெளியூர் ரகம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்திலிருந்து வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். 1 போன்ற தேர்ந்தெடுத்த பனை ரகங்கள் உண்டு. கிள்ளிக்குளத்திலும் பனை ஆராய்ச்சி நடக்கிறது. பதநீருக்காகத் தனி நிலத்தில் தோப்பு போடுபவருக்கு இது சரியான வழி என்றே சொல்வேன். அங்கே நோக்கம் விளைச்சல், கணக்கு லாபம், ஏறும் உயரம் குறைவாக இருந்தால் ஆளுக்கும் பாதுகாப்பு.

பொதுக் கரைக்கு இது பொருந்தாது. பனையை ஒட்டுக் கட்டியோ கன்று பிரித்தோ பெருக்க முடியாது. விதை ஒன்றே வழி. தாய் உயர்ந்த ரகமாக இருந்தாலும் தந்தை யாரென்று கட்டுப்படுத்தாவிட்டால் பிள்ளையில் அந்தக் குணம் பாதிதான் உறுதி. ‘ரக விதை’ என்று விற்கப்படுவது கட்டுப்படுத்திய மகரந்தச் சேர்க்கையில் வந்ததா, அல்லது அந்த மரத்தடியில் பொறுக்கியதா என்பதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான், பொறுக்கிய விதைக்கு ரக விலை கொடுக்கத் தேவையில்லை.

தொலைவிலிருந்து கொட்டை வரும்போது மண்ணும் அழுகிய சதையும் கூடவே வரும். கோதாவரி, கிருஷ்ணா டெல்டாப் பகுதிகளில் 1900களின் தொடக்கத்தில் பனையைச் சூறையாடிய குருத்தழுகல், ஈரமண்ணில் வாழும் ஒரு பூசண இனத்தால் வருவது. கழுவாத கொட்டையை மாவட்டம் தாண்டிக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு தடையும் உண்டு: புதிய மரம் பூக்கத் தொடங்கினால் அதன் மகரந்தம் சுற்றிலுமுள்ள பழைய தோப்புகளுக்கும் போகும். பிடிக்கவில்லை என்று திரும்ப எடுக்க வழியில்லை.

அதற்காக வெளி மரபணு வரவே கூடாது என்பதில்லை. பத்து, பதினைந்து மரம் மட்டும் மிஞ்சிப்போன தோப்புக்கு வெளி ரத்தம் தேவை. அதை அடுத்த வட்டாரத்திலிருந்து, மொத்தத்தில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்காகக் கொண்டுவந்தால் போதும்.

பை நாற்று

சுருக்கமாக: பனைக்கு வேண்டாம். முளைக்குழல் இறங்கி அடிப்பையில் முட்டிச் சுருண்டுவிடும். பெயர்க்கும்போது குழலோ கிழங்கோ முறிந்தால் முடிந்தது. ஆழமான பை வைத்து வளர்க்கலாம், ஆனால் செலவும் சுமையும் ஏறும். கொட்டையே கிடைக்காத மாதத்தில் விழா வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் இது வேண்டியிருக்கிறது. வாங்கியே தீர வேண்டுமென்றால் எத்தனை தாய்மரத்து நாற்று என்று கேளுங்கள்.

ஆண் மரத்தை வெட்டினால் கணக்கு என்னவாகும்

மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் ஒரு கோடாலி கெடுத்துவிடும். நுங்கு தராத மரம் என்று ஆண்பனையை விறகுக்கும் சூளைக்கும் முதலில் விற்பது பல ஊர்களில் வழக்கம். 50 மரத் தோப்பில் 25 ஆண், 25 பெண் என்றால் பயனுறு எண்ணிக்கை 50. அதே 50 மரத்தில் ஆண் 5, பெண் 45 என்றால் அது 18 மட்டுமே. சூத்திரம் எளிது: ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். காய்க்கும் மரம் கூடியிருந்தும் அடுத்த தலைமுறையின் மரபணு அந்த ஐந்து ஆணின் வழியாகத்தான் பிழிந்து வர வேண்டும். உட்கலப்பைத் தவிர்க்கக் குறுகிய காலத்துக்கே 50 வேண்டும் என்பது பாதுகாப்பு மரபியலில் வழக்கமான அளவு.

வடலியில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கொட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்லும் ஊர்க் கணிப்புகளை நம்பி ஒதுக்காதீர்கள். சிறு கூட்டமாக நட்டால் தற்செயலே எதிரியாகும். ஆறு மரம் மட்டும் நிற்கும் கோவில் நந்தவனத்தில் ஆறும் ஒரே பாலாகிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு. 600 குழிக் கரையில் அந்தக் கவலை இல்லை.

மரபணுச் சோதனை வேண்டுமா?

கரைக்கு ஊன்றுபவருக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னும் பத்துத் தாய்மரத்துக்குப் போய்வரலாம். விதைத் தோப்பு அமைக்கும் நிறுவனத்துக்கு வேண்டும். அங்கும் தோப்புக்கு 25 முதல் 30 மரமும், அதே அளவு வடலியும் சேர்த்து மாதிரி எடுக்க வேண்டும். முதிர்ந்த மரத்தை மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம். இன்று நிற்கும் எண்பது வயது மரம், தோப்புகள் அடர்ந்திருந்த காலத்தின் மரபணுவைச் சுமக்கிறது. வெட்டுக்குப் பின் வந்த இழப்பு வடலியில்தான் தெரியும். முற்றிய ஓலையில் நாரும் மற்ற பொருளும் அதிகமாகி டி.என்.ஏ. பிரிப்பது கடினம். குருத்தோலையில் இரண்டு விரல் அகலத் துண்டை, எடையில் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் போட்டு மூடினால் ஆய்வகம் போய்ச் சேரும்வரை தாங்கும்.

முதல் ஆண்டுக்குப் பின்

பொங்கலை ஒட்டி ஊன்றிய இடத்தைக் காவல் காக்க வேண்டும். கிழங்குக்காகத் தோண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆடு மேய்ச்சலும் குடிமராமத்து வண்டியும் அடுத்த பகை. குழி வரிசையை ஊராட்சியின் வரைபடத்தில் குறித்து, தூர்வாரும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். ஓலை தலைகாட்ட ஆறு மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும் என்பதால் அவசரப்பட்டுக் குழியைக் கைவிட வேண்டாம். ஒரு குழியில் இரண்டும் முளைத்தால் மூன்றாம் ஆண்டில் வலுவானதை மட்டும் விடுங்கள்.

அடுத்த ஆவணியில் வெற்றுக் குழி நிரப்பும்போது போன ஆண்டின் முப்பது மரத்துக்கே திரும்பப் போக வேண்டாம். அந்த ஆண்டு பாளை சீவப்பட்டதாலோ காய்ப்புக் குறைந்ததாலோ விட்டுப்போன மரங்களின் பட்டியல் உங்கள் பதிவேட்டில் இருக்கும். நிரப்பும் கொட்டை அவற்றிலிருந்து வந்தால், செலவு கூடாமலே தாய்மரத்தின் எண்ணிக்கை நாற்பதைத் தொடும்.